நேர்கோடு இல்லாத தோட்டம்



இன்றைய உரை ஒரு கலையைப் பற்றியது. மேடை இல்லை, திரை இல்லை. மண்ணையும் தண்ணீரையும் மரத்தையும் வைத்துச் செய்த கலை. கோலாலம்பூர் லேக் கார்டனைத்தான் சொல்கிறேன். தாமான் தாசேக் பெர்டானா என்று பலகை வைத்தார்கள். 2011இலிருந்து பெர்டானா தாவரவியல் பூங்கா. நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது இன்னமும் லேக் கார்டன்தான். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

கிள்ளானை அடுத்த காப்பார், மேரு பக்கம் வளர்ந்தவர்களில் அங்கே போகாதவர்கள் குறைவு. பள்ளிக்கூடத்துச் சுற்றுலாப் பேருந்தில் ஏறி, துகு நெகாரா தேசிய நினைவுச்சின்னத்தின் முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்து, பறவைப் பூங்காவில் மயில் பார்த்து, கோளரங்கத்தில் அண்ணாந்து உட்கார்ந்து, பொட்டலச் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பியிருப்பார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் துகு நெகாரா வந்தது 1966இல். பறவைப் பூங்கா 1991இல். கோளரங்கம் அதற்கும் பிறகு. இவையெல்லாம் வருவதற்கு முன்பே பூங்கா முழுசாக இருந்தது. சீட்டு வாங்கிப் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தாயிற்று, பூங்காவை மட்டும் பார்க்கவில்லை. அதுதான் என் வழக்கு.

சிலாங்கூரின் தலைநகரம் முதலில் நம் கிள்ளான்தான். 1880இல் அது கோலாலம்பூருக்கு மாறியது. ஆறு ஆண்டு கழித்துக் கோலாலம்பூருக்கும் கிள்ளானை ஒட்டிய புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓட ஆரம்பித்தது. ஈயச் சுரங்கத்தை நம்பி எழுந்த அந்தச் சேற்றூரில், 1888இல், மாநிலப் பொருளாளராக இருந்த ஆல்பிரட் வென்னிங்குக்கு ஒரு பூங்கா வேண்டும் என்று தோன்றியது. கணக்குப் புத்தகத்தோடு இருக்க வேண்டிய மனிதருக்கு வந்த ஆசையைப் பாருங்கள். பிரிட்டிஷ் ரெசிடென்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம் சம்மதித்தார். புதர் மண்டிக் கிடந்த பள்ளத்தாக்கை வெட்டித் திருத்தி, அதில் ஓடிய பிராஸ் பிராஸ் என்ற சிற்றாற்றுக்குக் குறுக்கே அணை போட்டார்கள். தேங்கிய ஏரிக்கு சுவெட்டன்ஹாமின் மனைவி சிட்னியின் பெயர் கிடைத்தது. 1889இல் ஆளுநர் சர் சிசில் கிளெமென்டி ஸ்மித் வந்து திறந்து வைத்தார். காடு வெட்டியவர்கள், மண் சுமந்தவர்கள் பெயரில் குட்டை கூடக் கிடையாது.

அந்த அணையில்தான் கலை இருக்கிறது. பள்ளத்தாக்கின் அடியில் தண்ணீரை நிறுத்தியதும் மேடெல்லாம் தானாகக் கரையாகிவிட்டது. மரங்கள் சரிவில் நிற்பதால் ஒன்றின் தலைக்கு மேல் இன்னொன்றின் தலை தெரிகிறது. நடுவில் தண்ணீர் கிடப்பதால் அங்கே மட்டும் வானம் திறந்திருக்கிறது. இது இங்கே கண்டுபிடித்த வித்தை அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கேபபிலிட்டி பிரவுன் என்று பெயர் வாங்கிய தோட்டக் கலைஞர் பிளென்ஹைம் அரண்மனையில் ஒரு சிற்றாற்றை மறித்து ஏரியாக்கினார். யாரோ செய்தது என்றே தெரியக் கூடாது, இயற்கையே இப்படித்தான் கிடந்தது என்று தோன்ற வேண்டும். அந்தப் பாணியின் சாமர்த்தியம் அவ்வளவுதான். அங்கே ஓக் மரத்தை வைத்துச் செய்ததை இங்கே வெப்பமண்டல மரங்களை வைத்துச் செய்தார்கள். என்னைக் கேட்டால் இங்கேதான் அது நன்றாக வந்திருக்கிறது. பனிக்காலம் இல்லாததால் மரங்கள் மொட்டையடித்துக்கொண்டு நிற்பதில்லை.

காப்பார்க்காரர்கள் இந்தக் கலையை ரசிக்க ஒரு தனிக் காரணம் உண்டு. நம் கண் தோட்டத்தில் பழகிய கண். பால்மரமானாலும் செம்பனையானாலும் நிரை பிடித்து நட்டதைப் பார்த்தே வளர்ந்தோம். செம்பனையை முக்கோணக் கணக்கில், மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர் விட்டு நடுவார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கோடு நேராக ஓடும். லேக் கார்டனில் அப்படி ஒரு கோட்டைத் தேடிப் பாருங்கள். பாதை வளையும், கரை வளையும், ஒரு புதர் வந்து ஏரியை மறைக்கும், பத்தடி நடந்தால் திரும்பக் கொடுக்கும். இவ்வளவு தூரத்துக்கு இத்தனை மரம் என்று எண்ணி நட்ட தோட்டம் நம்முடையது. இது கண்ணுக்காக நட்டது.

ஆனால் இரண்டும் ஒரே குடும்பம். பிரேசிலிலிருந்து போன ரப்பர் விதை லண்டன் கியூ பூங்காவில் முளைத்து, 1877இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குக் கன்றாக வந்தது. அந்தப் பூங்காவுக்கு 1888இல், லேக் கார்டன் தொடங்கிய அதே ஆண்டில், ரிட்லி என்பவர் பொறுப்பேற்றார். மரம் சாகாமல் பட்டையை எப்படிச் சீவிப் பால் எடுப்பது என்று அவர் செய்து காட்டிய முறையைத்தான் நம் பாட்டிமார் விடியற்காலையில் நெற்றி விளக்கோடு செய்தார்கள். செம்பனையும் அப்படியே. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் அலங்காரத்துக்காக நட்ட நான்கே கன்றுகளின் வம்சம் அது. 1917இல் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் வணிகத்துக்காக நட்டார்கள், மலாயாவில் அதுதான் முதல் முறை. காப்பாரிலிருந்து அது அப்படி ஒன்றும் தூரமில்லை. நம்மை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த மரங்கள் எல்லாம் பூங்கா வழியாகத்தான் வந்தன. லேக் கார்டனில் நடக்கும்போது இது நினைவுக்கு வந்தால், பூச்செடிகள் கொஞ்சம் வேறு மாதிரி தெரியும்.

மரங்களைச் சொல்ல வேண்டும். தூங்குமூஞ்சி மரத்தின் குடையைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். அகலம் உயரத்தை மிஞ்சும். பொழுது சாயும்போதும் மழை இருட்டிலும் இலையை மடக்கிக்கொள்ளும், அப்போது அடியில் வெளிச்சம் மாறும். நாகலிங்க மரம் கிளையில் பூக்காமல் அடிமரத்திலேயே பூக்கிறது. சிவன் கோயிலில் பார்த்துப் பழகிய நமக்கு அது ஊர் மரம். பிறந்த இடமோ தென் அமெரிக்கா. யானைப்புளி மரம் ஆப்பிரிக்கா. நம்மைப் போலவே கடல் தாண்டி வந்து வேர் பிடித்தவை.

குறையும் சொல்லிவிடுகிறேன். பழைய பகுதியில் இருக்கும் அடக்கம் பிற்காலச் சேர்க்கையில் இல்லை. கல் பாவிய தளம் கூடிவிட்டது. அலங்கார வளைவும் வண்ணப் பலகையும் ஏரியோடு போட்டி போடுகின்றன. பூவை வைத்து எழுத்து எழுதுவது எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒரு தோட்டம் தன் பெயரைத் தானே சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் செம்பருத்தித் தோட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். தேசிய மலருக்கு அந்த மரியாதை தகும்.

யாருடைய பூங்கா என்ற கேள்வியும் உண்டு. 1890இல் அங்கே தொடங்கிய லேக் கிளப், வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே. 1952இல் ஒரு விருந்துக்குச் சிலாங்கூர் சுல்தானையே உள்ளே விட மாட்டோம் என்றார்கள். தம் மாநிலத்திலேயே சுல்தானுக்கு இடமில்லை! அப்போது ஹை கமிஷனராக இருந்த ஜெனரல் டெம்ப்ளர் கொதித்துப்போய் அந்த விதியை மாற்ற வைத்தார். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் பாய் விரித்துப் படுத்திருக்கும் வங்காளதேசத் தொழிலாளிகள், மூச்சுப்பயிற்சி செய்யும் சீனக் கிழவிகள், நாசி லெமாக் பொட்டலத்தோடு மலாய்க் குடும்பங்கள், கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே வந்த நம்மவர்கள். பூங்காவை மதிப்பிட எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்கவில்லை.

போவது சிரமமில்லை. கிள்ளான் நிலையத்தில் கொம்யூட்டர் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்குங்கள். அங்கிருந்து முசியம் நெகாரா எம்.ஆர்.டி. நிலையத்துக்கு நடைபாதை இருக்கிறது. அருங்காட்சியகத்தைத் தாண்டினால் பூங்காப் பக்கம்தான். மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும் ஊர், காலையிலேயே போங்கள். முதல் முறை சீட்டு வாங்கும் இடம் எதற்குள்ளும் நுழையாமல் ஏரியை மட்டும் சுற்றி வாருங்கள். பிள்ளைகள் பறவைப் பூங்கா கேட்டு அழுதால் அடுத்த மாதம் என்று சொல்லுங்கள். சாப்பாட்டுக்குப் பிரிக்பீல்ட்ஸ் இருக்கிறது, கே.எல். சென்ட்ரலுக்கு மறுபக்கம்தான், ஆனால் வாழையிலைச் சாப்பாடு தயாராக எப்படியும் பதினொன்றரை ஆகிவிடும். அதுவரை ஏரியை எதிர்த்திசையில் இன்னொரு சுற்று சுற்றலாம்.