'யாரோ' என்றொரு முஸ்லிம்

(இளைஞர்களும் வணிகர்களும் கூடிய அமர்வில் ஆற்றிய உரை)

 

அடிமைத்தனம் என்றதும் ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்கள் நம் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களை அபூபக்கர் (ரலி) அவர்கள் விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்த வரலாற்றை மதரஸா நாட்களிலேயே கேட்டிருக்கிறோம். இன்று நான் சொல்லப் போவது நம்மில் பலர் கேள்விப்படாத ஒருவரைப் பற்றி. அவர் பெயர் யாரோ மமூத். பெயரே 'யாரோ'! நமக்கும் அவர் இதுவரை யாரோதான். ஆனால் கடை வைத்திருக்கும் ஒவ்வொருவரும், கடையில் நிற்கும் ஒவ்வோர் இளைஞரும் அறிந்திருக்க வேண்டிய மனிதர்.

மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபுலானி இனத்து முஸ்லிம் அவர். அரபியில் எழுதத் தெரிந்தவர். 1752ஆம் ஆண்டு, ஏறக்குறைய 16 வயதில், அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டு அமெரிக்காவின் மேரிலாந்தில் இறக்கி விற்கப்பட்டார். அதன்பின் 44 ஆண்டுகள் பெல் என்ற வெள்ளைக்காரக் குடும்பத்தின் உடைமை! மாடு, குதிரை, நிலம் என்ற சொத்துப் பட்டியலில் இவரும் ஒன்று.

முதுமை நெருங்கியபோது எஜமான் புரூக் பெல் ஒரு வாக்குக் கொடுத்தார். ஜார்ஜ்டவுன் நகரில் தான் கட்டும் புதிய வீட்டுக்கு வேண்டிய செங்கல்லைச் செய்து கொடுத்தால் விடுதலை என்பது அந்த வாக்கு. யாரோ மண் பிசைந்தார், கல் அறுத்தார். வீடு முடிவதற்குள் எஜமான் இறந்துவிட்டார்.

சற்று யோசித்துப் பாருங்கள். அந்நாட்டுச் சட்டப்படி அடிமை எவரோடும் ஒப்பந்தம் செய்ய முடியாது. "சொன்னவர் போய்விட்டார், எங்களுக்குத் தெரியாது" என்று வாரிசுகள் கைவிரித்திருந்தால் அந்தக் கிழவர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்? விதவை நேர்மையானவராக இருந்ததால் வாக்கு காப்பாற்றப்பட்டது. 1796ல், அறுபது வயதில், யாரோ விடுதலை பெற்றார்.

நம் மார்க்கம் இதை எவரது நல்ல மனதுக்கும் விட்டுவைக்கவில்லை! விடுதலைப் பத்திரம் கேட்கும் அடிமைக்கு எழுதிக் கொடுங்கள், உங்கள் செல்வத்திலிருந்தும் கொடுத்து உதவுங்கள் என்று அந்நூர் அத்தியாயத்தின் 33ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ஜகாத்தின் எட்டுப் பங்குகளில் ஒன்று அடிமைகளின் விடுதலைக்கு உரியது. இதைப் பெருமையாகப் பேசும் நாம் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டளை கையில் இருந்தும், மனிதனை விற்ற வியாபாரத்தில் முஸ்லிம்களின் கையும் இருந்தது. வேதம் வழிகாட்டியது, பலர் அந்த வழியில் நடக்கவில்லை.

விடுதலையான யாரோ ஓய்ந்து உட்காரவில்லை. பகலில் கூலி வேலை செய்தார். இரவில் கூடையும் வலையும் பின்னினார். நூறு டாலர் சேர்த்து ஒரு முதிய வியாபாரியிடம் கொடுத்து வைத்தார். வியாபாரி நொடித்து இறந்தார். பணம் போயிற்று. மறுபடி உழைத்து நூறு டாலர் சேர்த்து ஓர் இளம் வியாபாரியிடம் கொடுத்தார். அவரும் திவாலானார். மூன்றாம் முறை இருநூறு டாலர் சேர்த்தார். இம்முறை, நண்பர் ஒருவரின் யோசனைப்படி, ஜார்ஜ்டவுனின் கொலம்பியா வங்கியில் தம் பெயரிலேயே பங்குகள் வாங்கினார். 1800ல் மனை வாங்கி வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆனார். அடிமைப் பெண்ணுக்குப் பிறந்ததால் அடிமையாகவே இருந்த தம் மகன் அக்குயிலாவுக்கும் விலை கொடுத்து விடுதலை வாங்கினார். 1803ல் வீட்டை மகன் பெயருக்கு எழுதி வைத்தார்.

இத்தனைக்கும் நடுவில் ஈமானை விட்டுக்கொடுத்தாரா? இல்லை! 1819ல் புகழ்பெற்ற ஓவியர் சார்லஸ் வில்சன் பீல் தேடி வந்து அவரைப் படம் வரைந்தார். பன்றி இறைச்சியும் மதுவும் தீயவை என்று யாரோ சொல்வார் என்றும், தெருவில் இறைவனைத் துதித்தபடியே செல்வார் என்றும் அந்த ஓவியர் எழுதி வைத்தார். பள்ளிவாசலும் ஜமாஅத்தும் இல்லாத ஊரில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் தன்னந்தனியாக ஈமானைக் காத்த மனிதர்! 1823ல் அவர் வஃபாத்தானபோது, வழக்கமாகத் தொழுகிற தோட்டத்து மூலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கதை இத்துடன் முடியவில்லை. தம் கடைசிக் காலத்தில் அவர் ஒரு வெள்ளைக்கார வியாபாரிக்குக் கடன் கொடுத்திருந்தார். இரண்டு முறை அடிபட்டவர் அல்லவா? சொத்தை ஈடாக வைத்துப் பத்திரம் வாங்கியிருந்தார். அவர் இறந்து இருபது ஆண்டுகள் கழித்து, 1843ல், அவருடைய சகோதரியின் மகள் அந்தப் பத்திரத்தை வைத்து வழக்குத் தொடுத்துப் பணத்தைப் பெற்றார். அடிமை முறை சட்டமாக இருந்த நாட்டில், ஒரு கறுப்பினப் பெண்ணின் சொல் எடுபடாத காலத்தில், எழுத்து எடுபட்டது! வட்டி நமக்கு ஹராம். அதில் அவரைப் பின்பற்றச் சொல்லவில்லை. ஆவணத்தைச் சொல்கிறேன்.

வணிகப் பெருமக்களே! குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது. அல்பகராவின் 282ஆம் வசனம். ஆனால் நம் கடைவீதியில் நடப்பது என்ன? "நம்ம பாய்தானே, எழுத்து எதற்கு?" என்று லட்சங்கள் கைமாறுகின்றன. நேற்றுவரை ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் இன்று போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறார்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். பன்னிரண்டு வயதில் கடைக்கு வந்த பையன் பதினைந்து வருடம் உங்களிடம் உழைக்கிறான். "உனக்கு ஒரு கடை வைத்துத் தருகிறேன்", "உன் சம்பளம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது" என்கிறீர்கள். நீங்கள் சொன்னபடி செய்பவர்தான், சந்தேகமில்லை. நாளை உங்களுக்கு மவ்த் வந்தால்? உங்கள் பிள்ளைகள் அந்த விதவையைப் போல நடப்பார்கள் என்பதற்கு யார் ஜாமீன்? அந்தப் பையனை செங்கல் அறுத்த யாரோவின் நிலையில் வைக்காதீர்கள்.

இளைஞர்களே! உங்கள் கூலியையும் சேமிப்பையும் கேட்டு எழுதி வாங்குங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல, மார்க்கத்தின் கட்டளை. இரண்டு முறை இழந்தும் மூன்றாம் முறை எழுந்த அறுபது வயதுக் கிழவர் உங்களுக்கு முன்னுதாரணமாக இருக்கட்டும்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டை எடுங்கள். யாருக்கு என்ன தர வேண்டும், யாரிடமிருந்து என்ன வர வேண்டும் என்று எழுதுங்கள். இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குங்கள். அதை நாளைக்குத் தள்ளாதீர்கள். அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்குவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.