கருவியின்றிக் கம்பி இணைத்தல்

மலையகத்தின் பெருமையை எடுத்துரைப்போர் தேயிலையைச் சொல்லிய பின்னர் மின்சாரத்தைச் சொல்வது வழக்கம். அது பொருத்தமே. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா, நுவரெலியாவை அடுத்த பிளக்பூலில், ஓடும் நீரைக் கொண்டு இயங்கும் சிறியதொரு மின்னிலையத்தை 1912-ஆம் ஆண்டிலேயே அமைத்தார். நீர்வலுவால் நாட்டிற்கு விளையக்கூடிய பயனை விளக்கி, 1918-ஆம் ஆண்டில் பொறியியலாளர் சங்கத்தின் முன் கட்டுரையும் வாசித்தார். லக்சபான மின்னிலையம் 1950-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. மலைச்சரிவுகளுக்கு மேலாகச் செல்லும் உயரழுத்தக் கம்பிகள் அந்த முயற்சியின் தொடர்ச்சியே.

ஆயினும், தோட்டத்துப் பிள்ளை ஒருவன் முதன்முதலாகக் கையாளும் மின்சாரம் அந்தக் கம்பிகளில் ஓடுவதன்று. ஒன்றரை வோல்ற்று மின்கலம், ஆறு வோல்ற்றுப் பற்றரி, பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றரி ஆகியவை தரும் சிறிய மின்சாரமே அவன் மேசைக்கு வருவது. அதைக் கொண்டே பாடசாலை மாணவன் ஒரு மின்குமிழை எரியச் செய்கிறான். ஹட்டன் கடைத்தெருவில் தொழில் பழகும் இளைஞன், ஊமையாகிவிட்ட வானொலிப் பெட்டியின் குறையைத் தேடுகிறான். இவ்விருவருக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. கம்பியோடு கம்பியை எவ்வாறு இணைப்பது?

பற்றாசு பிடித்து இணைப்பதே உறுதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால், சோதனை மேசையில் ஓர் இணைப்பு பத்து நிமிடமும் நிலைப்பதில்லை. ஒரு தடையைக் கழற்றி வேறொன்றைப் போட வேண்டும். கம்பியை இடம் மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் சூடேற்றினால் நேரமும் வீணாகும், நுண்ணிய உறுப்புகளும் பழுதுபடும். ஆகவே, விரலாலேயே இணைத்து விரலாலேயே கழற்றும் முறைகள் வேண்டியிருக்கின்றன.

வெறுங்கையால் முறுக்கிவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பர். இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றினாலும், உண்மையில் அவை சில நுண்ணிய புள்ளிகளிலேயே தொடுகின்றன. அழுத்தம் இருந்தால் அப்புள்ளிகள் பெருகும். அழுத்தம் தளர்ந்தால் குறையும். செம்பின் மேல் படியும் களிம்பும் இடையிலே புகுந்து தடையாகும். அரை அம்பியர் மின்னோட்டம் செல்லும் ஒரு சுற்றில், ஓர் இணைப்பின் தடை அரை ஓம் மட்டுமே என்று கொள்வோம். அங்கே கால் வோல்ற்று வீணாகிறது. மின்கலமோ ஒன்றரை வோல்ற்று. ஆறில் ஒரு பங்கு இணைப்பிலேயே போய்விட்டது!

குமிழ் மங்கலாக எரிகிறது. குற்றம் இணைப்பில், பழியோ மின்கலத்தின் மேல் விழுகிறது. கொழுந்து பறித்து ஈட்டிய கூலியில் ஒரு பகுதி புதிய மின்கலத்திற்குச் செலவாகிறது. குமிழ் மீண்டும் மங்கலாகவே எரிகிறது. அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. சுற்றைச் சரியாக அமைத்த பிள்ளை, தன் அறிவிலேயே குறை இருப்பதாக எண்ணி, இந்தப் பாடம் தனக்கு வராது என்று ஒதுங்கிவிடுகிறான். எனவே, இணைப்பியைத் தேர்ந்தெடுப்பது சிறிய விடயமன்று.

வழக்கிலுள்ள வகைகளை ஒவ்வொன்றாக நோக்கலாம். முதலாவது, முதலை வாய்க் கவ்வி. பற்றரியின் முனை, ஆணி, தகடு என எதையும் இது பற்றிக்கொள்ளும். விரைவாகச் சோதித்துப் பார்க்க ஏற்றது. ஆயினும், மலிவான கவ்விகளில் கம்பி பற்றாசு பிடிக்கப்படாமல், தகட்டை மடக்கி நெரித்து மட்டுமே வைக்கப்பட்டிருக்கும். வெளியே உறை நன்றாகத் தோன்ற, உள்ளே கம்பி அறுந்திருப்பதும் உண்டு. வாங்கியவுடன் உறையைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்துவிடுவது நலம்.

இரண்டாவது, வில் கவ்வி. அமெரிக்காவில் 1907-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற இக்கவ்வி, பழைய வானொலிப் பலகைகளில் பெரிதும் பயன்பட்டது. விரலால் அழுத்தியதும் துளை திறக்கும். கம்பியை நுழைத்து விரலை எடுத்தால் வில் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். மரப்பலகையில் திருகாணி கொண்டு பொருத்திவிட்டால், பல ஆண்டு மாணவர்கள் மாறி மாறிப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, கையால் திருகும் முனை. பாடசாலை ஆய்வுகூடங்களில் பலரும் கண்டது இதுவே. அதன் நடுவில் 4 மில்லிமீற்றர் பனானா பிளக்கைச் செருகவும் பெரும்பாலும் வசதியுண்டு. மின்வழங்கியிலும் மானியிலும் உறுதியான இணைப்புக்கு இது சிறந்தது.

நான்காவது, பிரெட்போர்ட் எனப்படும் துளைப்பலகை. 2.54 மில்லிமீற்றர் இடைவெளியில் வரிசையாக அமைந்த துளைகளின் அடியில் சிறு விற்கள் இருக்கின்றன. நுண்ணிய மின்னணு உறுப்புகளுக்கு இதைப்போன்ற வசதி வேறில்லை. இதற்கு 0.6 மில்லிமீற்றர் அளவு விட்டமுள்ள ஒற்றைக் கம்பியே உகந்தது. கழித்துப்போட்ட தொலைபேசி வடத்தினுள் இருக்கும் மெல்லிய ஒற்றைக் கம்பியும் உதவும். பல இழைக் கம்பி துளைக்குள் மடங்கிப்போகும். தடித்த கம்பியைத் திணித்தால் வில் விரிந்துவிடும். பின்னர் மெல்லிய கம்பி அங்கே நில்லாது. ஓர் அம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்தை இதன் வழியே செலுத்துவதும் தகாது. சில பலகைகளில் ஓரத்து நீள்வரிசை நடுவிலே துண்டிக்கப்பட்டிருக்கும். அதை அறியாதவர் வீணே குழம்புவர்.

ஐந்தாவது, நெம்புகோல் இணைப்பி. சிறு நெம்பை உயர்த்திக் கம்பியைச் செருகி, நெம்பைத் தாழ்த்தினால் வேலை முடிந்தது. ஒற்றைக் கம்பி, பல இழைக் கம்பி என இரண்டையும் இது ஏற்கும். வாகோ நிறுவனத்தின் 221 வரிசையில் பெரிதும் பயன்படும் இணைப்பிகள், ஏறத்தாழ 0.2 முதல் 4 சதுர மில்லிமீற்றர் வரையான கம்பிகளைப் பிடிக்கும். கம்பியின் உறையை 11 மில்லிமீற்றர் நீளத்திற்குச் சீவ வேண்டும். சீவும்போது செம்பில் வெட்டு விழலாகாது. சற்று மிகுந்த மின்னோட்டம் செல்லும் இடத்திற்கும், சில நாள்கள் அப்படியே நிற்க வேண்டிய சுற்றுக்கும் இது ஏற்றது.

இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல இயலாது. கம்பி ஒற்றையா, பல இழையா? மின்னோட்டம் எவ்வளவு? எத்தனை முறை கழற்ற நேரும்? இம்மூன்றிற்கும் விடை கண்டால் இணைப்பி தானே தெரியவரும். முதலிலே பொருள் சேர்க்க விரும்புவோர்க்கு, ஆறு முதலை வாய்க் கவ்விக் கம்பிகளும், நான்கைந்து நெம்புகோல் இணைப்பிகளும், ஒரு துளைப்பலகையும் போதுமானவை.

மலைநாட்டிற்கே உரிய கவலை ஒன்றும் உண்டு. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் மூடுபனியும் ஈரமும் விருந்தினரல்ல, வீட்டாரே. ஈரத்தால் செம்பும் பித்தளையும் களிம்பேறும். ஆகவே, வெள்ளீயமோ நிக்கலோ பூசிய முனைகளைத் தெரிந்தெடுப்பது நன்று. வேலை முடிந்ததும் பொருள்களைத் துடைத்து, இறுக மூடும் தேயிலைப் பேணியில் இட்டுவைக்கலாம். நெடுநாள் கிடந்த இணைப்பை இரண்டு மூன்று முறை கழற்றிச் செருகினால் மேற்களிம்பு உராய்ந்து நீங்கும்.

ஐயமுள்ள இணைப்பை அறிய எளிய வழியும் இருக்கிறது. சுற்றில் மின்னோட்டம் சென்றுகொண்டிருக்கும்போதே, வோல்ற்றுமானியின் இரு முனைகளையும் அவ்விணைப்பின் இரு பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல இணைப்பில் மானி ஏறக்குறையப் பூச்சியத்திலேயே நிற்கும். கம்பியை மெல்ல அசைக்கும்போது மானி துள்ளினால், குறை அங்கேதான்.

எச்சரிக்கை இரண்டு. தாழ்ந்த வோல்ற்று என்பதால் தீங்கில்லை என்று எண்ணலாகாது. பன்னிரண்டு வோல்ற்று மோட்டார் வாகனப் பற்றரியின் இரு முனைகளும் ஒரு கம்பியால் நேரே தொட்டுவிட்டால், கம்பி நொடியில் பழுக்கக் காய்ந்து தீப்பற்றக்கூடும். பற்றரி முனைக்கு அருகிலேயே ஓர் உருகி இருப்பது அவசியம். அடுத்து, சுவரிலுள்ள 230 வோல்ற்று மின்சாரத்தை இச்சோதனை மேசைக்குக் கொண்டுவருதல் ஒருபோதும் கூடாது. முதலை வாய்க் கவ்வியும் துளைப்பலகையும் அதற்காக ஆக்கப்பட்டவையல்ல. அது தகுதிபெற்ற மின்தொழிலாளரின் வேலை.

சுற்றொன்று இயங்கவில்லையெனில் முதலிலே இணைப்புகளைச் சோதிக்க வேண்டும். அதன் பின்னர் மின்கலத்தை. அதற்கும் பின்னரே உறுப்புகளை. ஆசிரியர்கள் இவ்வரிசையைத் தொடக்கத்திலேயே பழக்கிவிடுவார்களாயின், மின்கலத்துக்கு ஆகும் பணமும் மிஞ்சும். தன்னால் இயலாது என்று எழுந்து போகவிருந்த பிள்ளையும் மேசையை விட்டு நீங்கமாட்டான்.