பழைய காரின் மூக்கு



கார் எதைக் குடித்து ஓடுகிறது? பெட்ரோல் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிப் பதில்தான். பெட்ரோல் எரிய வேண்டுமானால் காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியச் சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும். பெரிய எண்ணெய் பீப்பாய் ஒன்றில் 200 லிட்டர் பிடிக்கும். அப்படி 45 பீப்பாய்க் காற்று!

அந்தக் காற்றோடு தூசியும் வரும். தாராவியின் சந்துகளில் தூசி உண்டு. மாதுங்காவின் பெரிய சாலைகளில் தூசி உண்டு. செம்பூரில் லாரிகள் கிளப்பும் தூசியைச் சொல்லவே வேண்டாம். மனிதனுக்கு மூக்கில் முடி இருக்கிறது. அது தூசியைத் தடுக்கிறது. காருக்கு அந்த மூக்குதான் காற்று வடிகட்டி. கேரேஜில் அதை ஏர் பில்டர் என்பார்கள்.

மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சி எல்லோருக்கும் தெரியும். பல ஆண்டுகள் அந்த டாக்சி என்றாலே பத்மினி கார்தான். அது பிறந்த இடம் தாராவிக்குப் பக்கத்தில் உள்ள குர்லா. பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை அங்கே இருந்தது. இத்தாலி நாட்டு பியட் 1100 காரை அங்கே செய்தார்கள். 1974 முதல் அதற்குப் பத்மினி என்று பெயர் வந்தது. மும்பை டாக்சிக்கு வயது வரம்பு 20 ஆண்டு. கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபரில் பதிவானது. 2023 அக்டோபரில் அதன் டாக்சி ஓட்டம் முடிந்தது.

ஆனால் பத்மினியைச் சொந்தக் காராக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய அம்பாசடர், பழைய ஜீப் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வண்டிகள் கேரேஜுக்கு வரும்போது ஒரு கேள்வியும் கூடவே வரும். காரோடு வந்த பழைய பில்டரை வைத்துக்கொள்வதா? தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுவதா?

பதில் எளிது. டப்பாவைக் காப்பாற்று. தாளை மாற்று.

பல கார்களில் பில்டர் என்பது ஒரு தகரடப்பா. அதற்குள் மடிப்பு மடிப்பான தாள் இருக்கும். டப்பா தேயாது. துருப் பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் காரின் ஆயுள் வரை உழைக்கும். தாள் அப்படி இல்லை. அது தூசியைப் பிடித்துப் பிடித்து அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் ஈரம் பட்டால் ஊறிப்போகும்.

தாள் அடைத்தால் என்ன ஆகும்? காற்று குறையும். பெட்ரோல் முழுவதும் எரியாது. கரும்புகை வரும். மைலேஜ் குறையும். பிளக்கில் கரி படியும். காசும் புகையாகப் போகும். அந்தப் புகை தெருவில் விளையாடும் பிள்ளைகளின் மூச்சில் கலக்கும்.

தாள் கிழிந்தால் அதைவிட மோசம். தூசி நேராக எஞ்சினுக்குள் போகும். ஆயிலோடு கலக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் தேய்க்கும். பிறகு எஞ்சின் ஆயில் குடிக்கும். நீலப்புகை விடும். கடைசியில் எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும். ஒரு தாளின் விலை எங்கே, எஞ்சின் வேலையின் கூலி எங்கே!

சிலர் பில்டரைக் கழற்றிவிட்டே வண்டி ஓட்டுகிறார்கள். இது ஆபத்து. பழைய எஞ்சினில் சில நேரம் நெருப்பு கார்புரேட்டர் வழியாகப் பின்னால் அடிக்கும். அந்த நெருப்பு வெளியே பாயாமல் தடுப்பதும் பில்டர்தான். எஞ்சின் காற்றை உறிஞ்சும் இரைச்சலைக் குறைப்பதும் அந்த டப்பாதான்.

தாளை எப்படிப் பார்ப்பது? வெளியே எடுத்து மெதுவாகத் தட்டுங்கள். உள்ளே ஒரு பல்பை வைத்துப் பாருங்கள். வெளிச்சம் பரவலாகத் தெரிந்தால் இன்னும் உழைக்கும். தெரியாவிட்டால் மாற்ற வேண்டும். ஒரு புள்ளி மட்டும் பளிச்சென்று தெரிந்தால் அங்கே ஓட்டை. அதையும் மாற்ற வேண்டும். காற்றடித்தால் உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். அழுத்தம் குறைவாக இருக்கட்டும். கண்ணில் தூசி படாமல் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தாளைத் தண்ணீரிலோ பெட்ரோலிலோ கழுவக் கூடாது.

பழைய ஜீப்பில் வேறு வகை உண்டு. அதில் தாள் இல்லை. அடியில் ஒரு கிண்ணம். அதில் எஞ்சின் ஆயில். மேலே கம்பிவலை. காற்று ஆயிலின் மேல் மோதித் திரும்பும்போது கனமான தூசி ஆயிலில் விழுந்துவிடும். மீதித் தூசியை வலை பிடித்துக்கொள்ளும். இதை மாற்றவே வேண்டாம். கழுவினால் போதும். கிண்ணத்தின் சேற்றை வழித்து எடுத்து, வலையை மண்ணெண்ணெயில் அலசி உலர்த்த வேண்டும். பக்கத்தில் பீடி, நெருப்பு கூடாது. பிறகு கோடு வரை மட்டும் புது ஆயில் ஊற்ற வேண்டும். கோட்டைத் தாண்டினால் எஞ்சின் ஆயிலை உறிஞ்சிவிடும். அழுக்கு ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். தாராவியின் ஓரமாக ஓடும் மித்தி ஆறு ஏற்கெனவே போதுமான அழுக்கைச் சுமக்கிறது.

சரி, பழைய காருக்குத் தாள் கிடைக்காவிட்டால்? பழைய தாளைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். வெளிவட்டம், உள்வட்டம், உயரம் மூன்றையும் அளந்து பாருங்கள். மூன்றும் பொருந்தினால் வேறு காரின் தாளும் உதவும். மேலும் கீழும் ரப்பர் விளிம்பு டப்பாவோடு ஒட்டி உட்கார வேண்டும். இடைவெளி இருந்தால் தூசி அந்த வழியாகப் போய்விடும். டப்பாவே தொலைந்திருந்தால் குர்லா சி.எஸ்.டி. ரோட்டின் பழைய சாமான் கடைகளில் தேடலாம்.

டப்பாவைக் காப்பாற்ற இன்னொரு காரணமும் உண்டு. 2021இல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய வண்டியைப் பாரம்பரிய வண்டியாகப் பதிவு செய்யலாம். ஆனால் அது பெரிய மாற்றம் இல்லாமல் பழைய வடிவிலேயே இருக்க வேண்டும். முதலில் வந்த பத்மினிகளுக்கு இப்போது 50 வயது ஆகிவிட்டது. அதனால் பழைய சாமானை எடைக்குப் போடாமல் வைத்திருக்கும் மெக்கானிக்குக் கேரேஜில் மதிப்பு கூடும்.

எழுதப் படிக்கக் கற்றவர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. தாள் மாற்றிய தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். புது பில்டரின் மேல் அச்சடித்த எண்ணையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை கடைக்காரர் எதையோ எடுத்துக் கொடுத்தால், நோட்டைப் பார்த்து, "இது இல்லை, அந்த எண்ணைக் கொடுங்கள்" என்று கேட்கலாம்.