லாட்ஜ் வைத்தியருக்குப் போன கூரைக் கடன்

(ஆறுமுகநேரியில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)

பின்னால நிக்கிற அக்காமாரெல்லாம் முன்னால வந்து உட்காருங்க. இன்னைக்குப் பேசப் போற விஷயத்தை மைக் வச்சு சத்தமாப் பேச முடியாது.

ஆம்பளைங்க உடம்பு பத்திப் பேசப் போறோம்னு ஊக்குநர்கள்கிட்ட சொன்னப்ப, "ஆம்பளைங்க சமாச்சாரத்தைப் பொம்பளைங்க கூட்டத்துல எதுக்குப் பேசணும்?" என்று ரெண்டு பேர் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். நாங்க பதிலா ஒரு கடன் பதிவேட்டைத்தான் காட்டினோம்.

ஒரு குழு. பேரும் ஊரும் வேண்டாம், அந்த அக்கா சம்மதத்தோடதான் சொல்றோம். கூரைக்கு ஷீட் போடணும்னு 20,000 ரூபாய் உள்கடன் வாங்கினாங்க. ஆறு மாசம் கழிச்சு நாங்க வீட்டுக்குப் போறோம், கூரை அப்படியே ஒழுகுது. கேட்டா அழுறாங்க. வீட்டுக்காரர் அளத்துல உப்பு வாருறவர், வயசு நாற்பத்தஞ்சு. ஒரு வருஷமா தாம்பத்தியத்துல கஷ்டம். யார்கிட்டயும் சொல்லல. பஸ் ஸ்டாண்டு சுவத்துல ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து, மாசத்துல ஒரு நாள் லாட்ஜில் ரூம் போட்டு உட்காருற வைத்தியர்கிட்ட போயிருக்கார். "ஆலோசனை இலவசம்" என்றுதான் நோட்டீஸில் இருந்தது. உள்ளே போனதும் சிறுநீரை ஒரு கிளாஸில் பிடிக்கச் சொல்லி, ஏதோ பொடியைப் போட்டுக் கலர் மாறுவதைக் காட்டி, "நரம்பெல்லாம் செத்துப்போச்சு, இன்னும் ஆறு மாசம் விட்டா ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லியிருக்காங்க.

முதல் 45 நாள் லேகியத்துக்கு 8,500 ரூபாய். சரியாகலைன்னு போனா, ரெண்டாவது கோர்ஸ் 9,500. அதுக்குப் பிறகு தங்க பஸ்பம்னு 5,500. மொத்தம் 23,500. குழுக் கடன் 20,000 போக, மிச்சம் 3,500க்கு அந்த அக்கா காதுல கிடந்த கம்மல் அடகுக்குப் போச்சு. ஒரு ரூபாய் வட்டி போட்டாலும் மாசம் 200 ரூபாய் வட்டி மட்டும். ஒரு பில் கிடையாது, மருந்து டப்பாவில் ஒரு எழுத்து கிடையாது.

உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமா அரசு 5,000 ரூபாய் கொடுக்குதே, அதோட ஒப்பிட்டுப் பாருங்க. நாலரை வருஷத்து நிவாரணம் அந்த ஒரு ரூமுக்குள்ள போயிருக்கு.

பணத்தோட போயிருந்தாக்கூட பரவாயில்ல. அந்த ஆறு மாசமும் அவருக்கு இருந்தது சர்க்கரை நோய். கால்ல உப்புத் தண்ணி பட்டுப்பட்டு வெடிப்பு வந்து, புண்ணாகி, வலியே தெரியாம நடந்திருக்கார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கு வர்ற சகோதரி விரல்ல ஊசி குத்திப் பார்த்தப்ப சுகர் 310. அப்போ அவர் கால் சுண்டுவிரல் கருத்துப் போயிருந்தது. விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கு அவர் அளத்துப் பாத்தியில் இறங்க முடியாது, வாட்ச்மேன் வேலைதான் பார்க்கிறார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாச் சொல்லணும். ஆணுறுப்பு விறைப்பு என்பது ரத்த ஓட்டத்தால் நடக்கிற வேலை. மனசுல ஆசை வந்ததும் நரம்பு வழியாச் சேதி போய், அங்குள்ள ரத்தக்குழாய் விரிந்து ரத்தம் நிறையணும். சர்க்கரை நோய் நரம்பையும் கெடுக்கும், ரத்தக்குழாயையும் கெடுக்கும். பிரஷர், கொழுப்பு, பீடி சிகரெட் எல்லாம் குழாயை அடைக்கும். அங்கே இருக்கிற குழாய்கள் இதயத்துக் குழாய்களைவிட மெல்லிசு. அதனால அடைப்பு முதலில் அங்கேதான் தெரியும். நெஞ்சுவலி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பாகவே இந்தக் கோளாறு வரலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதாவது உடம்பு நமக்கு முன்கூட்டியே எழுதிப் போடுற கடுதாசி இது. லாட்ஜ் வைத்தியர் அந்தக் கடுதாசியைக் கிழிச்சுப் போட்டுட்டு லேகியம் விற்கிறார்.

அதனால நாற்பது தாண்டிய ஆம்பளைக்கு இந்தக் கஷ்டம் வந்தா, முதல்ல சுகர், பிரஷர். இது ரெண்டும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம். காயல்பட்டினம், திருச்செந்தூர் அரசு மருத்துவமனையிலும் பார்க்கலாம். சிலருக்கு பிரஷர் மாத்திரையாலேயே இந்தக் கோளாறு வரும். மாத்திரையைத் தானா நிறுத்தக் கூடாது, டாக்டர்கிட்ட சொன்னா வேற மாத்திரை மாத்திக் கொடுப்பாங்க. குடியும் காரணம். "குடிச்சாத்தான் தைரியம் வருது"ன்னு சொல்ற அண்ணாச்சிமாருக்கு அந்தக் குடிதான் உள்ளதையும் கெடுக்குது.

அடுத்து மாத்திரை. வயாகரா என்ற பேரை டிவியில கேட்டிருப்பீங்க. 1998ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நெஞ்சுவலிக்காக ஆராய்ச்சி செய்தப்ப தற்செயலாத் தெரிய வந்த பலன் அது. மருந்தோட பேர் சில்டெனாஃபில். இப்போ நம்ம நாட்டுக் கம்பெனிகளே தயாரிக்கின்றன, மாத்திரை ஒன்று சில பத்து ரூபாய்தான். 8,500 ரூபாய் லேகியத்தோட இதை ஒப்பிடுங்க. இன்னொரு வேடிக்கை, மூலிகைன்னு விற்கிற பல மருந்துகளைச் சோதிச்சுப் பார்த்தப்ப உள்ளே இதே சில்டெனாஃபில் பொடியைக் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முதல் வாரம் "அடடா, கேக்குதே"ன்னு தோணுறதுக்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

மலிவுதானேன்னு மெடிக்கல்ல போய் "ஏதாவது குடுங்க அண்ணாச்சி" என்று கேட்டு வாங்கக் கூடாது. டாக்டர் சீட்டு இருந்தாத்தான் கொடுக்கணும்னு சட்டம். ஏன்னா நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற சார்பிட்ரேட் மாதிரி மாத்திரை சாப்பிடுறவர் இதையும் சேர்த்துப் போட்டா பிரஷர் தடால்னு இறங்கி உயிரே போயிடும். உங்க வீட்ல நெஞ்சு மாத்திரை சாப்பிடுறவுக இருந்தா இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது ஞாபகம் வச்சுக்கோங்க.

கல்யாணம் ஆகாத பையன்கள் கதை வேற. தூக்கத்துல விந்து போறது, கைப்பழக்கம், சிறுநீரோட வெள்ளையாப் போகுதுன்னு நினைக்கிறது, இதுக்கெல்லாம் பயந்துபோய்ப் பையன்கள் பணத்தைக் கொண்டு கொட்டுறாங்க. இதில் எதுவும் நோய் இல்லை. நாற்பது சொட்டு ரத்தம் சேர்ந்தாத்தான் ஒரு சொட்டு விந்துன்னு காலங்காலமாச் சொல்லி வச்ச பயம்தான் நோய். இந்தப் பயத்துக்கே டாக்டர் என்.என்.விக் என்ற மனநல மருத்துவர் 1960ல் தனியா ஒரு பேர் வச்சார், 'தாத் சிண்ட்ரோம்' என்று. தாது போகுதுங்கிற கவலையால வர்ற அசதி, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் அதில் அடக்கம். மனநல டாக்டர்கிட்ட நாலு தடவை பேசினா தீருற விஷயம். டாக்டர் மாத்ருபூதம் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் இதையெல்லாம் டிவியில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னது பெரியவங்க சிலருக்கு ஞாபகம் இருக்கும். அப்போ நாமெல்லாம் சேனலை மாத்தினோம். மாத்தாமப் பார்த்திருந்தா இன்னைக்கு இந்தக் கூட்டம் தேவைப்பட்டிருக்காதோ என்னவோ.

பையன் சரியாச் சாப்பிடாம, ஒதுங்கி இருந்து, அடிக்கடி காசு கேட்டா அம்மாக்கள் திட்டுறதுக்கு முன்னால ஒரு நிமிஷம் யோசிங்க. 104க்கு போன் பண்ணா பேர் சொல்லாமலே ஆலோசனை கேட்கலாம்.

மூணாவது, புண், சீழ், எரிச்சல். இது நம்ம உடம்போட நேரடியாச் சம்பந்தப்பட்டது. வெள்ளைப்படுதுன்னு ஒரு அக்கா மூணு தடவை மருந்து சாப்பிட்டாங்க, மூணு தடவையும் திரும்ப வந்தது. வெள்ளைப்படுறதெல்லாம் புருஷன்கிட்ட இருந்து வர்றதுன்னு நினைச்சுடாதீங்க, பல காரணம் உண்டு. ஆனா இவங்க விஷயத்துல வீட்டுக்காரருக்குச் சிறுநீர்ப் பாதையில தொற்று இருந்தது, அவர் வைத்தியமே பார்க்கல. ஓட்டை வாளியில தண்ணி இறைச்ச கதைதான். ரெண்டு பேரும் ஒரே சமயத்துல மருந்து எடுக்கணும், முடியிற வரைக்கும் உறவைத் தள்ளிப்போடணும் அல்லது ஆணுறை போடணும்.

இதுக்கு அரசு மருத்துவமனைகளில் 'சுகவாழ்வு மையம்' என்றே ஒன்று இருக்கு. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கு. மருந்து கலர் பாக்கெட்டுகளாக் கொடுப்பாங்க. ஆண்களுக்குச் சீழ் வடிஞ்சா சாம்பல் நிறப் பாக்கெட், ரெண்டே மருந்து, டாக்டர் முன்னாலேயே விழுங்கிட்டு வந்துடலாம். மேகப்புண் எனப்படும் சிபிலிஸ் ஆரம்பத்திலேயே தெரிஞ்சா ஒரு தடவை பென்சிலின் ஊசியோட குணமாகும். எல்லாம் இலவசம். இதே நோய்க்கு லாட்ஜில் ஆயிரக்கணக்கில் வாங்கிட்டு, கிருமி உள்ளேயே இருக்க, மேலே புண் ஆறினதும் "பார்த்தீங்களா குணமாயிட்டு" என்று சொல்லுவாங்க. சிபிலிஸ் புண் வைத்தியமே பார்க்காட்டியும் தானா ஆறும். ஆறின பிறகு அது உள்ளுக்குள்ள வேலையைக் காட்டும், கர்ப்பமா இருக்கிற பொண்ணு வயித்துப் பிள்ளை வரைக்கும் போகும். எச்.ஐ.வி. பரிசோதனை நம்பிக்கை மையத்தில், அதுவும் இலவசம், ரகசியம். அதைப் பற்றிச் சந்தேகம் கேட்க 1097.

பிள்ளை இல்லாத வீட்டுக் கதை உங்களுக்கே தெரியும். மருமகளை மட்டும் ஸ்கேன், ஊசி, கோயில் கோயிலாக் கூட்டிட்டு அலைவாங்க. மகனை ஒரு டெஸ்டுக்குக் கூப்பிட மாட்டாங்க. விந்துப் பரிசோதனைக்குத் தனியார் லேபில் சில நூறு ரூபாய்தான் ஆகும், வலி கிடையாது. டெஸ்டுக்கு முன்னால ரெண்டிலிருந்து ஏழு நாள் வரைக்கும் உறவு இல்லாம இருக்கணும், அவ்வளவே. பொண்ணுக்குப் பத்தாயிரம் செலவு பண்றதுக்கு முன்னால இதைச் செய்றதுதான் முறை. உயிரணு உருவாகி வெளியே வர ரெண்டரை மாசத்துக்கு மேல ஆகும். அதனால "பத்தே நாளில் உயிரணு பெருக்கம்" என்பது பச்சைப் பொய். சூடும் உயிரணுவைக் குறைக்கும். வெயில்லயும் உப்பிலயும் வேகுற வேலை, இறுக்கமான உள்ளாடை, பீடி இதையெல்லாம் டாக்டர் கேட்டா மறைக்காமச் சொல்லச் சொல்லுங்க.

"அப்போ சித்த வைத்தியமே பொய்யா?" என்று போன கூட்டத்துல ஒரு மைனி கோபமாக் கேட்டாங்க. அப்படி நாங்க சொல்லல. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கு, 1964ல் தொடங்கினது. அங்கே படிச்சுப் பட்டம் வாங்கினவங்க அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவில் இருக்காங்க. அவங்க சீட்டு எழுதுவாங்க, சுகர் பார்க்கச் சொல்வாங்க, அடுத்த வாரம் போனா அதே நாற்காலியில் இருப்பாங்க. நோட்டீஸ் வைத்தியர்கிட்ட பதிவு எண் கேட்டுப் பாருங்க, பேச்சு மாறும். ஆண்மையைப் பெருக்குறோம்னு மருந்துக்கு விளம்பரம் பண்றதே 1954ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் வந்து எழுபது வருஷம் தாண்டியாச்சு, சுவரு நோட்டீஸ் அப்படியேதான் இருக்கு. இப்போ போன்லயும் வருது, கூரியர்ல வீட்டுக்கே அனுப்புறாங்க.

சரி, வீட்ல எப்படிச் சொல்றது? "ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று இந்த விஷயத்தை நேராச் சொன்னா சண்டைதான் வரும். எங்க அனுபவத்துல சுலபமான வழி, "ரெண்டு பேரும் சுகர் பார்த்துட்டு வருவோம்" என்று சேர்ந்து போறது. நமக்கு டவுன் பஸ் இலவசம், அவருக்கு மட்டும் டிக்கெட். உள்ளே அவர் தனியா டாக்டர்கிட்ட பேசட்டும், நாம வெளியே உட்காருவோம். அரசு ஆஸ்பத்திரியில கூட்டம், க்யூவுல தெரிஞ்ச முகம், டாக்டர் ரெண்டு நிமிஷம்தான் பேசுவார், இதெல்லாம் உண்மைதான். ஆம்பளைங்க லாட்ஜுக்குப் போறதுக்குக் காரணமே அங்கே கதவைச் சாத்திட்டு அரை மணி நேரம் காது கொடுத்துக் கேக்குறாங்க என்பதுதான். அந்தக் குறையை நாங்க மறைக்கல. தெரிஞ்சவங்க பார்ப்பாங்கன்னு கூச்சமா இருந்தா தூத்துக்குடிக்குப் போகட்டும். வசதி இருந்தா தனியார் டாக்டர்கிட்ட போகட்டும், ஆனா எம்.பி.பி.எஸ். படிச்சவரா, சிறுநீரகவியல் அல்லது தோல், பால்வினை நோய் படிச்சவரான்னு பலகையைப் பார்த்துப் போகட்டும்.

கடைசியா கடன் விஷயம். வைத்தியக் கடனுக்கு நோய் பேரைச் சொல்லணும்னு சில குழுக்கள் விதி போட்டிருக்கு. அந்த விதியாலதான் அந்த அக்கா கூரைன்னு பொய் சொன்னாங்க. ஆஸ்பத்திரிச் சீட்டோ மருந்து பில்லோ ஒன்று இருந்தால் போதும், நோய் என்னன்னு கேட்கக் கூடாது என்பது எங்க கருத்து. பில்லே இல்லாத வைத்தியத்துக்குக் கடன் கொடுக்கலாமா என்பதில் ஊக்குநர்களுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து வரல. மூணு குழு கூடாதுன்னும், ஒரு குழு அது அவங்கவங்க விருப்பம்னும் சொல்லுது. உங்க குழுவுல பேசி, தீர்மானப் புத்தகத்துல எழுதி, அடுத்த மாசம் பிரதிநிதி கையில கொடுத்து விடுங்க.

அந்த அக்கா கடன்ல இன்னும் 7,000 பாக்கி இருக்கு. மாசாமாசம் தவறாமக் கட்டுறாங்க. வட்டியைத் தள்ளலாமான்னு அவங்க குழு யோசிச்சுக்கிட்டிருக்கு. இப்போ டீ வந்திருக்கு, குடிச்சுட்டு, கேக்க வேண்டியதைத் தனியாக் கேக்குறவங்க பின்னால திண்ணைக்கு வாங்க.