குறுகிய அடியும் ஓர் அடியே



பதுளையிலிருந்து வெலிமடை வழியாக நுவரெலியா சென்றோர், 1889இல் வெள்ளையர் ஆட்சியில் உருவான கோல்ஃப் கழகத்தின் திடலைக் கண்டிருப்பீர்கள். செல்வந்தர் விளையாட்டு நமக்கெதற்கு என்று எண்ணாதீர்கள். அதன் பயிற்றுநர் கற்பிக்கும் பாடமொன்று நமது இல்லங்களுக்கும் உரியது.

250 யார் தூரம் பந்தைப் பறக்கவிடும் அடியும் கணக்கில் ஒன்றே. குழியருகே இரண்டடி தூரம் உருட்டிவிடும் 'பட்டிங்' அடியும் ஒன்றே. குழியின் விட்டமோ நாலேகால் அங்குலம். அங்கு புயவலிமை பயன்படாது. தேயிலை மலையில் கான் வெட்டுபவர் நீரின் போக்கை அறிவது போன்று, புல்தரையின் சரிவை முதலில் அறிய வேண்டும். அடித்தவுடன் தலையை உயர்த்தவும் கூடாது. பந்து விழுந்ததா என்று பார்க்கும் அவசரமே அடியைக் கெடுத்துவிடும். பரீட்சைப் பெறுபேற்றை மட்டுமே பார்த்திருக்கும் பெற்றோரே, இதைச் சற்றுச் சிந்தியுங்கள்.

அடிகளை எண்ணுவதிலும் ஓர் அமானிதம் உண்டு. 1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓபன் போட்டியில் பொபி ஜோன்ஸ் அடிக்க ஆயத்தமானபோது பந்து இலேசாக அசைந்தது. நடுவர்கள் காணவில்லை. அவரோ தாமே அதனைக் கூறி, தம் கணக்கில் ஓர் அடியைத் தண்டனையாகச் சேர்த்துக்கொண்டார். போட்டி சமநிலையில் முடிந்தது. மேலதிக ஆட்டங்களின் இறுதியில் ஒரேயோர் அடியால் தோற்றார். மறைத்திருந்தால் கிண்ணம் அவருக்கே.

இவ்வாறு தோற்று வீடு திரும்பும் பிள்ளையிடம், "அதை ஏன் சொன்னாய்?" என்று கடிந்துகொள்ளும் பெற்றோர் நம்மில் இல்லையா?