சோலை இருந்தால் ஓடை இருக்கும்

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் நீலகிரி வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் பேசியது)



போன தடவை கவாத்து பற்றிப் பேசினோம். இன்றைக்குத் தேயிலைச் செடியைக் கொஞ்சம் விட்டுவிட்டு, தேயிலைக்கு மேலே இருக்கிற காட்டைப் பற்றிச் சொல்லப் போகிறேன். "காடு வனத்துறைக்காரங்க விவகாரம், நமக்கென்ன?" என்று ரேடியோவை நிறுத்திடாதீங்க. பிப்ரவரி, மார்ச் மாதத்தில் ஓடையில் மோட்டார் வைத்துக் கேரட்டுக்குத் தண்ணீர் இறைக்கிறீங்களே, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

நம்ம மலையின் மேல்மட்டத்தை நினைத்துப் பாருங்க. முக்குர்த்தி, அவலாஞ்சி பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மேட்டில் புல், மலை மடிப்பில் சோலை, அடியில் சதுப்பு. யாரோ பாத்தி கட்டின மாதிரி இருக்கும். மேட்டில் ஏன் மரம் இல்லை? உறைபனிதான் முக்கியக் காரணம். தாழ்வான இடத்துத் தேயிலை ஜனவரியில் கருகிப் போவதை நீங்களே பார்க்கிறீங்க. திறந்த வெளியில் முளைக்கிற சோலைக் கன்றுக்கும் அதே கதிதான். பெரிய மரத்தின் நிழலுக்குள் முளைத்தால் மட்டுமே பிழைக்கும். அதனால் புல்வெளியைப் பார்த்து "தரிசு கிடக்குதே" என்று நினைக்கக் கூடாது. அது அப்படி இருக்க வேண்டிய நிலம்.

வெள்ளைக்காரர்கள் அதைத் தரிசு என்றுதான் நினைத்தார்கள். 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகை மரமும் இங்கே வந்தன. விறகுக்கு ஆகும் என்றார்கள், ஆனது, மறுக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆலைகளுக்காகவும் புல்வெளியில் மேலும் மேலும் நட்டார்கள்.

இதனால் தண்ணீர் என்ன ஆனது என்று உதகை மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் கிளன்மார்கனில் அளந்தே பார்த்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகள். ஒன்றை இயற்கைப் புல்வெளியாகவே விட்டார்கள். இன்னொன்றில் 1972இல் ஒரு பகுதியில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்து வருஷத்தில் மரம் நட்ட பக்கம் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, மறுதாம்பு விட்ட காலத்தில் குறைவு இன்னும் கூடியது. உங்க ஓடையில் ஆறு குடம் வந்த இடத்தில் ஐந்து குடம் என்று வைத்துக்கொள்ளுங்க. மரம் வைத்தால் மழை வரும், தண்ணீர் பெருகும் என்று பொதுவாகச் சொல்லுகிறோம். எந்த மரம், எந்த இடத்தில் என்று கேட்காமல் அப்படிச் சொல்வது சரியில்லை என்பது என் கருத்து.

சீகை மரத்தை விளக்க, உருளைக்கிழங்கு போட்டவர்களுக்கு ஓர் உதாரணம் சொன்னால் போதும். முட்டைக்கூடு நூற்புழுவை 1961இல் நம்ம மலையில் கண்டுபிடித்தார்கள். வெளியிலிருந்து வந்த புழு. மண்ணுக்குள் கூடாகப் பல வருஷம் உயிரோடு கிடக்கும். கிழங்கு போட்டதும் விழித்துக்கொள்ளும். சீகை விதையும் அதே குணம்தான். கடினத் தோலோடு பல பத்து ஆண்டுகள் மண்ணில் கிடக்கும். நீங்க தீ வைத்தால் ஒழிந்தது என்று நினைப்பீங்க. அந்தச் சூட்டில்தான் தோல் வெடித்துக் கும்பல் கும்பலாக முளைக்கும். ஆகையால் தீ வைக்காதீங்க. மழைக்காலத்தில் மண் ஈரமாக இருக்கும்போது சிறு கன்றுகளை வேரோடு பிடுங்குங்க. உண்ணிச் செடிக்கும் இதுவே நல்ல சமயம். ஆனால் பழைய சீகைத் தோப்பை ஒரே வீச்சில் மொட்டை அடிக்க வேண்டாம். குனிந்து பாருங்க, அதன் நிழலில் சோலைக் கன்றுகள் தலை தூக்கியிருக்கலாம். அவை வளர வளரக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தால் போதும். எந்த மரமானாலும் வெட்டும் முன் அனுமதி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்க. 1955ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் நம்ம மாவட்டத்தில் இருக்கிறது.

சரி, சோலையில் அப்படி என்னதான் இருக்கிறது? செண்பகம், காட்டு நாவல், விக்கி, காட்டுப் பூவரசு. மரமெல்லாம் பாசி. தரையில் முழங்கால் ஆழத்துக்கு மக்கிய இலை. அந்த மண் மழையைப் பஞ்சு மாதிரி வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கீழே சதுப்புக்கு விடுகிறது. சதுப்பு ஓடைக்கு விடுகிறது. அந்த ஓடைகள் சேர்ந்துதான் பைக்காராவிலும் குந்தாவிலும் மின்சாரம் எடுக்கிறோம். மிச்சம் பவானிக்குப் போய் கோபி, பவானிசாகர் பக்கத்து நெல்லுக்குப் பாய்கிறது.

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்த நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986இல் அமைந்தது. இந்தியாவில் இதுதான் முதலாவது. 5,520 சதுர கிலோமீட்டர். இதற்குள் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பூக்கும் தாவர வகைகள். 2018இல் பூத்த குறிஞ்சி இனி 2030இல்தான் பூக்கும். வரையாடு நம்ம மாநில விலங்கு. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதற்கும் 1,031தான் தேறியது. புல்வெளி இல்லாவிட்டால் அதற்கு மேய்ச்சல் இல்லை. தோடர்கள் தங்கள் கோயில் வேயும் புல்லும் சதுப்பில்தான் வளர்கிறது. சதுப்பு வற்றினால் அவர்கள் எங்கே போவார்கள்?

வேலியோரத்தில் கெக்கெக்கே என்று சிரிக்கிற மாதிரி கத்துமே ஒரு குருவி, வெள்ளைப் புருவமும் செம்பழுப்பு வயிறுமாக? நீலகிரி சிரிப்பான் என்று பெயர். உலகத்தில் இந்த மலையைத் தவிர வேறெங்கும் கிடையாது. தவிட்டுப் பழத்தைத் தின்று விதையைப் போட்டு, கூலி வாங்காமல் சோலைக்கு நாற்று விடுகிற ஆள் அது.

உங்க தோட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. குன்னூர், கோத்தகிரிச் சரிவில் பேரியும் பிளம்ஸும் காபியும் வைத்திருப்பவர்களுக்குக் காய்ப்பிடிப்பு தருவது தேனீ. அது கூடு வைப்பது மரப்பொந்திலும் பாறையிலும். தேயிலையில் சிவப்புச் சிலந்தியைத் தின்கிற பொறிவண்டும் நல்ல சிலந்தி இனங்களும் காட்டோரத்துச் செடிகளில் தங்கிப் பிழைக்கின்றன. எதற்கெடுத்தாலும் கடுமையான மருந்தை அடித்தால் முதலில் சாவது இவைதான். பிறகு சிவப்புச் சிலந்தி முன்னைவிட அதிகமாக ஏறும்.

"ஐயா, பசுந்தேயிலை விலை உங்களுக்குத் தெரியாதா? அரை ஏக்கர்க்காரன் காட்டுக்கு இடம் விட முடியுமா?" என்று நீங்க கேட்பது எனக்குக் கேட்கிறது. 1990களின் கடைசியில் விலை விழுந்தபோது பட்ட பாடு இன்னும் ஆறவில்லை. நியாயமான கேள்வி. விளைகிற நிலத்தை யாரும் விட வேண்டாம். ஓடையின் இரு கரையிலும் நாலைந்து அடி, ஊற்றுக்கண்ணைச் சுற்றிக் கொஞ்சம் இடம்; அங்கே எப்படியும் செடி சரியாக வராது, வேரழுகல்தான் மிச்சம். அதை மட்டும் விடுங்க. சதுப்பில் வாய்க்கால் வெட்டி வடித்துக் கேரட் போடும் பழக்கத்தை மட்டும் நிறுத்துங்க. முதல் இரண்டு போகம் நன்றாக வரும். அப்புறம் கோடையில் கீழ்ப்பங்காளியின் ஓடை காயும், அடுத்தது உங்க ஓடை. 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து நம்ம மாவட்டத்தில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். ஓடைக் கரையில் வேர் பிடித்த மரம் நிற்பது வீட்டுக்கும் காவல்.

காட்டெருமை தேயிலைக்குள் வருகிறதே என்று கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. கவாத்து இல்லாமல் புதராகக் கிடக்கிற தோட்டம் அதற்குப் பகலில் படுக்கை. புதரைக் கழித்து வையுங்க. கொழுந்து பறிக்கப் போகும்போது காலையில் ஒருவர் முன்னால் போய்ச் சத்தம் கொடுத்துப் பார்க்கட்டும். தனியாக நிற்கிற கிழட்டுக் காளையிடம் யாரும் நெருங்க வேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம். பயிர்ச் சேதம் ஆனால் அழிந்த பயிரைக் கலைக்காமல் வைத்து, வனச்சரக அலுவலகத்தில் உடனே எழுதிக் கொடுங்க.

ஓடைக் கரைக்குச் சோலை மரக் கன்று வேண்டுகிறவர்கள் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே வனத்துறை நாற்றங்காலில் சொல்லி வைப்பது நல்லது. நாவலும் விக்கியும் மெதுவாக வளரும். முதல் இரண்டு பனிக்காலத்துக்கு மட்டும் புல்லைக் கொண்டு கூரை போட்டு மூடுங்க.