யார் கேட்கிறார், எங்கே நின்று கேட்கிறார்?

(கிராம சுகாதார செவிலியர் பயிற்சி முகாமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'பண்புசார் ஆய்வுமுறை' என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். எத்தனை பேர் என்பதைக் கணக்கெடுப்பு சொல்லும். ஏன், எப்படி என்பதைச் சனங்களோட வாயால, அவங்க சொல்லுல கேட்டு எழுதுறதுதான் இந்த முறை. நேர்காணல், குழு உரையாடல், கூட இருந்து கவனித்தல் என்று கருவிகளைச் சொல்லித் தருகிறார்கள். கேட்கிறவர் யார் என்பதை மட்டும் பேசுவதில்லை. நான் அதைப் பேசுகிறேன்.

ஒரு கர்ப்பிணி இறந்தால் வீட்டுக்குப் போய் விசாரித்து எழுத வேண்டும். 2010இல் மத்திய அரசு இதற்கு வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. 1994இல் தடீயஸ், மெய்ன் என்ற ஆய்வாளர்கள் மூன்று தாமதங்களைச் சொன்னார்கள்: மருத்துவம் பார்க்க முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில்.

"ஏம்மா சீக்கிரம் கூட்டிட்டு வரல?" என்று கேட்டால் 'முடிவெடுப்பதில் தாமதம்' என்று எழுதி முடித்துவிடலாம். பழி செத்தவள் குடும்பத்தின் மேல். அதற்குப் பதில், "அன்னைக்குக் காலையிலேர்ந்து என்ன நடந்துச்சு, சொல்லுங்கம்மா" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்து பாருங்கள். "போன பிரசவத்துக்குப் போனப்போ தொட்டுக்கூடப் பாக்கல, வஞ்சி அனுப்புனாங்க. அதான் யோசிச்சோம்" என்று மாமியார் சொல்லக்கூடும். முதல் தாமதத்தைப் பெற்றதே மூன்றாம் தாமதம்தான் என்பது அப்போது விளங்கும்.

ஆனால் அதை உங்களிடம் சொல்வாரா? 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து, 2006இல் கன்சியாம் ஷா, சுகதேவ் தோரட் முதலானோர் கிராமப்புறத் தீண்டாமை பற்றி நூல் வெளியிட்டார்கள். சுமார் மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் சுகாதார ஊழியர்கள் தலித் வீடுகளுக்கு வர மறுக்கிறார்கள் என்கிறது அது. சேரி முனையில் நின்றுகொண்டு, "தண்ணி வேணாம்மா, இப்பத்தான் குடிச்சேன்" என்று சொன்ன நிமிசமே நேர்காணல் முடிந்துவிடுகிறது. அப்புறம் வருவதெல்லாம் "ஒரு குறையும் இல்லீங்கம்மா." அதைத் 'திருப்தி' என்று எழுதிக்கொள்கிறோம்.

ஆகவே சில வேலைகள். நோட்டில் அவர்கள் சொன்னதை ஒரு பக்கம் எழுதுங்கள். எங்கே உட்கார்ந்தீர்கள், பக்கத்தில் யார் நின்றார், பேச்சு எப்போது நின்றது என்பதை மறுபக்கம் எழுதுங்கள். "நாயை வெரட்டுற மாதிரி வெரட்டுனாங்க" என்றால் அப்படியே எழுதுங்கள். 'ஊழியர் அணுகுமுறையில் குறை' என்று திருத்தினால் சாட்சியம் செத்துப்போகும். வார்டு கூட்டுகிற அம்மாவையும் கேளுங்கள்; அவருக்குத் தெரிந்தது டாக்டருக்குத் தெரியாது. பெயர், தெரு, அடையாளம் எதுவும் வெளியே போகக் கூடாது. அடுத்த பிரசவத்துக்கும் அவர் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். சொல்ல மாட்டேன் என்பதும் அவர் உரிமை.

உங்களில் சேரியிலிருந்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். மற்றவர் காதில் விழாதது உங்கள் காதில் விழும். 'ஒருசார்பு' என்பார்கள். ஊர்த்தெருவிலிருந்து வந்தவருக்கும் ஒரு சார்பு உண்டு. அதையும் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, எழுதியதை மேலிடத்துக்கு அனுப்பும் முன் அந்த வீட்டுக்கே கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். "நாங்க சொன்னது இது இல்லீங்க" என்றால், உட்கார்ந்து மறுபடி எழுதுங்கள்.